வண்டிக்கு நீங்களே மெக்கானிக்... கண்ணுக்கு?

ஏற்காட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கொஞ்சம் பெரிய கோளாறு என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போகவேண்டும். ஒரு நாள் பிழைப்பு போச்சு! அதனால் இங்கே வீட்டுக்கு வீடு ஒரு அரை மெக்கானிக் இருப்பார். அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோனவை. அவற்றையெல்லாம் மலையில் ஓட வைப்பது இந்தக் கைகள்தான்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் சாய்ந்து கிடப்பதைவிட பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்ப்பதும், டயருக்குக் காற்று பார்ப்பதும் உடம்புக்கு நல்லது, பர்ஸுக்கும் நல்லது. பிரேக்கை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். போன வருஷம் மீந்த டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். மலை இறங்கும்போது மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்!

என் கவலை வேறு. வீட்டு ரிப்பேரோடு வீட்டு வைத்தியமும் சேர்ந்துகொள்கிறதே, அதுதான். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: கார் ஷெட்டில் அடிக்கடி நடக்கிற விபத்துகள் சிலவற்றுக்கு முதல் மருந்து மூலிகை இல்லை, வெறும் தண்ணீர்.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஸ்பானர் இரண்டு முனையிலும் பட்டுப் பொறி வந்தாலே போதும், வெடித்து அமிலம் தெறிக்கும். கண்ணில் பட்டதும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டோமுங்க", "வெளக்கெண்ணெய் விட்டேன் சார்", "நந்தியாவட்டைப் பூவை வச்சுக் கட்டினோம்." நந்தியாவட்டை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது எங்கள் மருத்துவத்தில் உள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் அமிலம் உள்ளே நின்று கருவிழியைப் பொசுக்கிக்கொண்டிருக்கும்போது மேலே பூவை வைத்துக் கட்டுவது, தீப்பிடித்த வீட்டின் கதவைச் சாத்துகிற மாதிரி.

குழாயடிக்கு ஓடுங்கள். தலையைச் சாய்த்து, அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, தண்ணீரை ஓடவிடுங்கள். எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம்! இரண்டு முறை தெளித்துவிட்டு "சரியாப் போச்சு" என்று எழுந்துவிடக் கூடாது. பிறகு நேராகக் கண் டாக்டர். "சோடா உப்பு போட்டா அமிலம் முறியுமே" என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பைக் கழுவ அது சரி. கண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ரேடியேட்டர். சுமார் 5,000 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே 100-ஐத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மலை ஏறி வந்த சூட்டோடு மூடியைத் திருகினால் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். கையில் துணி சுற்றிக்கொள்வார்கள். துணி கையைத்தான் காக்கும், முகத்தை யார் காப்பது? அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். வெந்துவிட்டால் பேனா மை, டூத் பேஸ்ட், முட்டை, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம். இதற்கும் குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம். "மத்தன் தைலம் போடலாமா ஐயா?" என்றால், அது பிற்பாடு புண்ணைப் பார்த்து வைத்தியர் முடிவு செய்யவேண்டிய விஷயம்.

தண்ணீர் உதவாத இடமும் உண்டு. டியூபை வைத்து வாயால் பெட்ரோல் உறிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள். உள்ளே போய்விட்டால் உடனே "உப்புத் தண்ணி குடிச்சு வாந்தி எடு" என்பார்கள். கூடவே கூடாது! வாந்தி எடுக்க வைப்பது எங்கள் மருத்துவத்தில் ஒரு சிகிச்சைதான், ஆனால் இதற்கு அல்ல. மேலே வரும் பெட்ரோல் ஒரு துளி மூச்சுக்குழலில் இறங்கினாலும் நுரையீரல் புண்ணாகும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமலோ இரைப்போ இருந்தால் உடனே 108.

கைக்கு வருவோம். ஆயில் மாற்றிய பிறகு பெட்ரோலில் கை கழுவுகிறார்கள். அழுக்கோடு தோலின் பசையும் போய்விடும். மலைக் குளிரில் கேட்கவே வேண்டாம், கரப்பான் மாதிரி வெடிக்கும். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பழந்துணியால் துடையுங்கள், பிறகு சோப்பு போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெயே எடுக்கும். 1775-ல் பெர்சிவால் பாட் என்ற லண்டன் மருத்துவர், புகைக்கூண்டு துடைக்கிறவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். பழைய என்ஜின் ஆயிலில் இருப்பதும் அந்தக் குடும்பத்துச் சரக்குதான். எனவே ஆயில் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு திரியாதீர்கள். நாய்க்குச் சொறி என்று அதே ஆயிலைத் தடவுகிறவர்களும் உண்டு. பாவம், அது நக்கித் தின்னும்!

நக்கித் தின்பது என்றதும் ஞாபகம் வருகிறது, கூலன்ட். அது இனிக்கும். மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி ஷெட்டில் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குழந்தை குடித்தால் முதலில் போதை ஏறினது போலத் தள்ளாடும், பிறகு சிறுநீரகம் கெடும். "நல்லாத்தானே வெளையாடுது" என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கஷாயம் எதுவும் கொடுக்காமல், அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.