எழுத விரும்புவோர் எதனைக் கற்பது?

எழுத்தாளராக விரும்பும் மாணவர் பலர், உயர்தர வகுப்பில் எத்துறையைத் தெரிவது, பின்னர் எத்தொழிலை மேற்கொள்வது என்று வினாவுகின்றனர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றோரே எழுத வல்லார் என்னும் எண்ணம் அவரை மயக்குகின்றது.

விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். அப்பயிற்சியின் பயனை 1947 இல் வெளிவந்த யாழ்நூலிற் காணலாம். 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை சட்டங் கற்று நீதிபதியாய் அமர்ந்தவர். டொமினிக் ஜீவா பட்டதாரியல்லர். முடிதிருத்துந் தொழிலைச் செய்துகொண்டே 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார்.

ஆகவே, மாணவர் தம் மனம் ஒன்றுந் துறையை ஆழக் கற்பாராக. எத்துறையறிவும் எழுத்துக்கு உரமாகும். ஆயின், இலக்கணத்தையும் பழந்தமிழ் நூல்களையும் நாள்தோறும் சிறிது நேரமேனும் பயிலுதல் வேண்டும். இக்கடனிலிருந்து எப்பட்டமும் ஒருவரை விடுவியாது.

ஈழத்தில் எழுத்தொன்றையே நம்பிக் குடும்பம் நடத்துதல் அரிது. பசித்தவன் பேனா பிறர் விருப்புக்கு வளைய நேரும். ஆதலின், நேர்மையான ஊதியமும் மாலையிற் சிறிது ஓய்வுந் தருந் தொழிலைத் தெரிக. பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள பேனாவைப் பறியாதீர். அது நிமிர்ந்து எழுதுதற்கு ஒரு தொழிலைத் துணையாக்குங்கள்.