காற்றை அளந்து வாங்குங்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையோரம் பஞ்சர் கடை வைக்க விரும்பிய பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மை நாடி வந்தார். தாயாரின் தோட்டை அடகு வைத்துப் பெற்ற பணம் கையிலிருந்தது. "பெரிய டேங்க்காப் பார்த்து ஒரு கம்ப்ரசர் வாங்கிடட்டுமா சாமி?" என்றார். குருமடத்தில் நமக்கு இதனைக் கற்பிக்கவில்லை. ஆயினும் அடகில் இருப்பது ஒரு தாயின் தோடாயிற்றே! விவரமறிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டறிந்தோம். பிற குடும்பங்களுக்கும் உதவுமெனக் கருதி இங்கு எழுதுகிறோம்.

டேங்க் என்பது குதிர் போன்றது. குதிர் பெரிதானால் விளைச்சல் பெருகுமா? காற்றை விளைவிப்பது அதன்மேல் அமர்ந்திருக்கும் பிஸ்டன் தலையே. நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று வெளிவரும் என்றே முதலில் வினவுங்கள். விற்போர் சிலர் பிஸ்டனின் கொள்ளளவைக் கணக்கிட்டுச் சொல்வர். உண்மையில் வெளிவருவது அதனினும் குறைவு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தருவது ஏறத்தாழ 3 அல்லது 4 கன அடியே. வீட்டில் சைக்கிளுக்கும் காருக்கும் காற்றடிக்க இது தாராளம். கட்டில், பீரோவுக்குத் தொடர்ந்து பெயிண்ட் தெளிக்கவோ போதாது.

அடுத்தது அழுத்தம். காருக்கு 30, 35 பவுண்டு போதும்; லாரிச் சக்கரத்திற்கோ 100 பவுண்டுக்கு மேல் வேண்டும். அவ்விளைஞர் பார்த்து வைத்திருந்த பொறி 8 கிலோவில், அதாவது ஏறத்தாழ 114 பவுண்டில், நின்றுவிடும். சிமெண்டு ஆலை லாரிகளை நம்பிக் கடை வைப்பவருக்கு, காற்றை இருமுறை அழுத்தி 12 கிலோ வரை ஏற்றும் இரண்டு கட்டப் பொறியே ஏற்றது. டேங்க் சிறிதாயினும் குறையில்லை.

பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கம்ப்ரசர் வைப்பதுண்டு. அடியில் செலுத்திய காற்று குமிழிகளாய்க் கலக்க, நீர் இலேசாகி மேலெழுகிறது. கிணற்றுக்குள் பழுதாக எந்திரம் ஏதுமில்லை, மின்செலவுதான் மிகுதி. எண்ணெய் கக்கும் பழைய பொறியை அங்கே வைத்துவிடாதீர்கள். குடிப்பது அந்நீரையன்றோ!

மலிவாய்க் கிடைக்கிறதென்று வெல்டிங் வைத்து ஒட்டிய பழைய டேங்கைத் தொடவே வேண்டாம். புதியதாயினும், காற்றிலுள்ள ஈரம் அடியில் நீராய்த் தங்கித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். நாள்தோறும் மாலையில் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும். சேப்டி வால்வு ஒழுகினால் மாற்றுங்கள், கட்டையடித்து அடைக்காதீர்கள். அது அடைபட்ட டேங்க் வெடிகுண்டுக்குச் சமம்.

இளைஞர் இரண்டு கட்டப் பொறியையே வாங்கினார். கடை நடக்கிறது. தோட்டை மாசிக்குள் மீட்டுவிடுவதாகத் தாயாரிடம் சொல்லியிருக்கிறாராம்.