இழுவை குறைந்தால் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?



பழைய டீசல் பிக்அப் வண்டி ஒன்றின் வருவாயை நம்பிக் குடும்பம் நடத்தும் இல்லங்கள் நம்மிடையே ஏராளம். காய்கறி, கருவாடு, மரச்சாமான், துணிமூட்டை என எதை ஏற்றினாலும் சுமந்து சென்ற வண்டி, ஒருநாள் மேட்டில் திணறத் தொடங்குகிறது. "இன்ஜின் போய்விட்டது, பிரித்து வேலை பார்க்க வேண்டும்" என்று பட்டறையில் ஒரு சொல் விழுகிறது. அவ்வளவுதான், உம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அந்தச் சொல் உண்மைதானா என்பதைச் செலவின்றி அறிந்துகொள்ளும் வழிகளை இம்மாதம் காண்போம்.

இழுவைக் குறைவு என்பது காய்ச்சலைப் போன்றதோர் அறிகுறி. காய்ச்சல் கண்டவரை நேரே அறுவை மேசைக்குக் கொண்டு செல்வாருண்டோ? முதலில் காரணத்தைத் தேட வேண்டும்.

தேடலின் முதற்கேள்வி இது: இன்ஜின் வலுவிழந்துள்ளதா, அல்லது அது தரும் வலு வழியில் வீணாகிறதா? சமதரையில் உயர் கியரில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை நன்கு அழுத்துங்கள். இன்ஜினின் ஓசை மட்டும் உயர்ந்து, வேகம் அதற்கேற்பக் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். அடுத்து, பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின், இயன்றவரை பிரேக்கை அழுத்தாமல் வண்டியை உருட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டு செல்லுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாகத் தகித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரில் காற்றுக் குறைவும் வலுவைத் தின்னும். ஆக்சிலரேட்டர் கேபிள் தளர்ந்திருப்பதும் உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைப் பெடலை முழுவதும் அழுத்தச் சொல்லி, டீசல் பம்பிலுள்ள லிவர் கடைசி வரை திரும்புகிறதா என்று பாருங்கள்.

வண்டி எங்கே திணறுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் வண்டி 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அவ்வுயரத்தில் இழுவை குறைந்து, சற்றுக் கூடுதலாகப் புகைவது இயல்பே. கீழிறங்கியதும் பழைய வலு திரும்பிவிட்டால் அதைப் பழுதென்று கொள்ளலாகாது.

இவற்றில் குறையில்லையெனில் இன்ஜினுக்கு வருவோம். டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை இறுக அமுக்குவதால் பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் எரிகிறது. ஆகவே அதற்குத் தேவையானவை நான்கு: போதிய காற்று, போதிய டீசல், நல்ல அமுக்கம், எரிந்த புகை வெளியேறத் தடையற்ற வழி. இந்நான்கில் எது குறைகிறது என்பதைப் புகையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

கரும்புகை மிகுந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். தூசியடைத்த ஏர் பில்டர் வழியே அவ்வளவு காற்று எவ்வாறு நுழையும்? பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மிகவும் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். பில்டரே இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். உள்ளே போகும் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும். டர்போ உள்ள வண்டியில் அதன் ரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காற்றில் குறையில்லையெனில் நாசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் நன்கு சூடேறிய பின்பும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. பம்ப் டைமிங் மாறியிருக்கலாம், அமுக்கம் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். அத்தகைய வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாகாது. நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, வால்வு கைடோ, டர்போவோ காரணமாக இருக்கலாம்.

புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் டீசல் போதிய அளவில் வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். டீசல் பில்டரை மாற்றி, அடியில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். புறப்பட்டபோது நன்றாக ஓடிய வண்டி சில கிலோமீட்டர் கடந்தபின் திணறினால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி சீராக ஓடினால், டேங்குக்குள் காற்று செல்லும் சிறு துளை அடைத்திருக்கிறது. நாள்பட்ட ரப்பர்க் குழாயில் விழும் சிறு வெடிப்பும் காற்றை உறிஞ்சி டீசலைத் தடுக்கும். டீசல் வெளியே சொட்டாததால் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

சைலன்சர் கரியடைத்தாலும் இன்ஜின் மூச்சு முட்டும். இதையும் கழற்றிப் பார்த்துவிட்ட பிறகே அமுக்கச் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன் டாப்பட் இடைவெளியைச் சரிசெய்வது அவசியம். இடைவெளி குறைந்து வால்வு சரியாக மூடாவிட்டாலும் அமுக்கம் குறைந்தே காட்டும். ரிங் தேய்ந்துவிட்டதென்று தவறாக எண்ண நேரும். மானி வைத்து நான்கு சிலிண்டர்களையும் அளக்கச் சொல்லி, அந்த நான்கு எண்களையும் எழுதி வாங்குங்கள். நான்கும் வண்டிக் கையேட்டில் கண்ட அளவை ஒட்டியிருந்தால் இன்ஜினைப் பிரிப்பதற்கு இழுவைக் குறைவு மட்டும் காரணமாகாது. அமுக்கம் மிகக் குறைந்து, ஆயிலும் குறைந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை விசையுடன் வெளியேறுமாயின் பட்டறைக்காரர் சொன்னது சரியே. அப்போது செலவைத் தள்ளிப்போடுவது மேலும் நட்டம் தரும்.

இங்கே கூறியவை பழைய, கம்ப்யூட்டர் இல்லாத வண்டிகளுக்குரியவை. 2020 ஏப்ரலில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி அமைந்த வண்டிகளில், ஒரு சென்சார் பழுதானாலே இன்ஜின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். அவற்றை முதலில் ஸ்கேனரில் பார்ப்பதே முறை.

இறுதியாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பலனைக் குறித்து வையுங்கள். ஒரே நாளில் ஐந்து பொருள்களை மாற்றினால் குணப்படுத்தியது எது என்பது ஒருபோதும் தெரியாது. பெரிய வேலை என்று யாரேனும் சொன்னால், "எந்தச் சோதனையில் இது தெரிந்தது?" என்று பணிவுடன் கேளுங்கள். தொழில் அறிந்த மெக்கானிக் அக்கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். அளந்த எண்ணைக் காட்டுவார். அந்த எண்ணைக் கண்ணால் காணும் வரை, வளையல் உம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.