கலங்கொள்ளலும் கலங்காத்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வற்றாத ஆறு இல்லை. ஆயினும் நீர்வழிக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணக் களப்பும், தொண்டைமானாற்றுக் களப்பும், உப்பாற்றுக் களப்பும் நிலத்தினுள்ளே நுழைந்து கிடக்கின்றன. மேற்கே தீவுகள் பல பாக்குநீரிணையை நோக்கிப் பரந்து கிடக்கின்றன. இத்தகைய நாட்டிற் பிறந்தோர் நீரூர்தியை விட்டு வாழ்தல் இயலாது. நாவாய், வங்கம், கலம், திமில், அம்பி, ஓடம், பஃறி, தோணி, புணை என நீரிற் செல்வனவற்றிற்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் மிகப் பல. இத்துணைப் பெயர்கள் ஒரு மொழியில் வழங்குமாயின், அதனைப் பேசினோர் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு மாத்திரம் இருந்தவர் அல்லர் என்பது வெளிப்படை. அப்பெயர்களுட் பல இன்று ஏட்டளவில் நிற்கின்றன. எஞ்சிய தோணியும் வள்ளமும் யந்திரம் பூண்டுவிட்டன. அங்ஙனம் யந்திரம் பூண்ட கலங்களைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். பழைய மாணவ அன்பர்கள் பொறுமையோடு படிப்பார்களாக.

யாம் வற்புறுத்தக் கருதுவது ஒன்றே. கலத்தை விலைகொடுத்து வாங்குதல் ஒரு நாட் செயல். அதனைப் பேணுதல் அதன் ஆயுள் முழுதும் நீளும் செயல். முன்னதற்கு நம்மவர் மனமுவந்து பொருள் தருகின்றனர். பின்னதற்குத் தருவாரைக் காண்டல் அரிது. இக்குறை தீராதவரை நம் தீவக மக்களின் துன்பமும் தீராது.

வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, காரைநகர் என்பன தாம்போதிகளாலும் பாலங்களாலும் குடாநாட்டோடு இணைந்துள்ளன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கிற்கும் கடலே வழி. நயினை நாகபூஷணி அம்மன் ஆலயத்திற்கு ஆனித்திங்கள் மகோற்சவத்திற் செல்லும் அடியார் கூட்டம் குறிகட்டுவான் துறையிலே ஏறிச் சிறிது நேரத்தில் மறுகரை சேர்கின்றது. நெடுந்தீவிற்குச் செல்வோர்க்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். சோழகம் வீசுங்கால் அவ்வொரு மணிநேரம் எவ்வளவு நீளும் என்பதை ஆண்டு சென்று மீண்டவரே அறிவர். அத்தீவுகளில் நோயாளரும், கருவுற்ற மாதரும், பரீட்சை எழுதும் மாணவரும், கற்பிக்கச் செல்லும் ஆசிரியரும், அரிசியும் மருந்தும் கடிதமும் ஆகிய யாவும் கலத்தையே நம்பியுள்ளன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையேயுள்ள குறுகிய நீர்ப்பரப்பைக் கடக்கும் மிதவையை அப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். எவ்வளவு பொருத்தமான பெயர்! கலம் பழுதுற்றுக் கரையிற் கிடக்குமாயின், அங்கே கிடப்பது மக்களின் பாதையே என்க.

இனிக் கலத்தைப் பேணுதல் என்பது யாது என நோக்குவாம். மரக்கலம் உப்புநீரிற் கிடக்கக் கிடக்க அதன் அடியில் ஓடுடைய சிற்றுயிர்கள் ஒட்டிப் படரும். அவை கலத்தின் வேகத்தைக் குறைத்து எரிபொருட் செலவைக் கூட்டும். கப்பற்புழு என்று சொல்லப்படும் உயிரொன்று உண்டு. பெயர் புழுவெனினும் இனத்தால் அது சிப்பியைச் சேர்ந்தது. அது பலகையினுள்ளே துளைத்துச் செல்லும். வெளியே ஊசித்துளை போன்ற ஒரு புள்ளியே தோன்ற, உள்ளே பலகை தேனடைபோலாகிவிடும். ஆதலால் கலத்தை ஆண்டுதோறும் கரையேற்றி, அடியைச் சுரண்டி, பலகையைத் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றி, இடுக்குகளிற் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் இட்டு அடைத்து, மேலே காப்புப் பூச்சும் பூசவேண்டும். ‘பைபர்’ எனப்படும் இழைக்கலத்திற்குப் புழுவச்சம் இல்லை. எனினும், பாரில் உரசிய கீறலை அடையாது விட்டால் நீர் அதன்வழிப் புகுந்து அடுக்கடுக்கான இழைகளைப் பிரித்துவிடும்.

யந்திரத்தின் நிலை இன்னும் நுட்பமானது. அது தன் வெப்பத்தைத் தணிக்கக் கடல்நீரை உறிஞ்சுகின்றது. களப்பிலும் கரையோரத்திலும் மண்டிக்கிடக்கும் சாதாளை அந்நீர்வாயை அடைத்துக்கொள்ளின், நீரின்றிச் சுழலும் இறப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திற் சிதையும், யந்திரம் கொதிக்கும். களப்பின் பெரும்பகுதி ஆழங் குறைந்தது. ஆள் இறங்கி நடக்கத்தக்க இடங்களும் உள. அத்தகைய இடத்திற் சுழலியின் இதழ் தரையிலோ கல்லிலோ தட்டி வளையும். வளைந்த இதழ் தண்டை அதிர்விக்கும். அதிரும் தண்டு தன்னைத் தாங்கும் உருளையைத் தேய்க்கும். தேய்ந்த இடத்தின்வழி நீர் உள்ளே ஊறும். ஓர் இதழைத் தட்டி நிமிர்த்தச் சோம்பியதன் பயன் ஒரு கலம் அமிழ்தல் என்றால், அதனை மிகை என்று தள்ளுதல் முடியாது.

வெண்கலச் சுழலியும் உருக்குத் தண்டும் ஒன்றாக உப்புநீரில் நிற்கும்பொழுது உலோகம் அரிக்கப்படும். அதனைத் தடுக்கத் துத்தநாகத் துண்டொன்றை அருகே பொருத்துவர். அரிப்பு முழுவதையும் அத்துண்டு தான் ஏற்றுக் கரைந்து, விலையுயர்ந்த உறுப்புக்களைக் காக்கின்றது. அது கரைந்து தீருமுன் மாற்றப்படவேண்டும். அதன் விலை சிறிது. அதனை மாற்ற மறந்தாரின் இழப்போ பெரிது. இவ்வாறே எரிபொருளோடு கலக்கும் நீரைப் பிரித்துச் சேர்க்கும் சிறு கிண்ணம் ஒன்றும் உண்டு. தீவகப் பாடசாலை ஒன்றுக்குச் சென்று கற்பித்த நாளில் யாம் ஏறிய கலமொன்று நடுக்கடலில் நின்று, காற்றின்வழி நெடுநேரம் மிதந்தது. அக்கிண்ணம் பல திங்களாகத் திறந்து வடிக்கப்படாமையே காரணம் எனப் பின்னர் அறிந்தோம். அது சில நிமிட வேலை. அன்று அக்கலத்திற் கைக்குழந்தைகளும் இருந்தன.

தனியொருவர் உடைமையாகிய மீன்பிடி வள்ளங்களைக் காண்க. குருநகரிலும் மயிலிட்டியிலும் வல்வெட்டித்துறையிலும் தொழிலாளி கரைசேர்ந்ததும் யந்திரத்தைக் கழற்றி நன்னீரால் உப்பைக் கழுவுகின்றான்; வலையைப் பார்க்குமுன் வள்ளத்தைப் பார்க்கின்றான். 2022ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியபொழுது அவன் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. எனினும் தன் கலம் கெட்டால் தன் அடுப்பு அணையும் என்பதை அவன் அறிவான். பொதுக்கலத்திற்கு அத்தகைய உடையவன் யார்? ‘உடையவன் பாராப் பயிர் உருப்படாது’ என்பது நம் ஊர்ப் பழமொழி. பொதுக்கலத்தில் ஏறுவோர் பலர். அதனைத் திறந்துவைப்போர் பலர். மாலை சூட்டுவோர் பலர். ஆண்டுதோறும் கரையேற்றுவோர் எவரெனின் விடையில்லை. திணைக்களம் சபையைக் காட்டும். சபை திணைக்களத்தைக் காட்டும். இதற்கிடையிற் சாதாளை வளரும்.

பேணப்பட்ட கலம் எத்துணைக் காலம் உழைக்கும் என்பதற்குக் குமுதினி சான்று. நெடுந்தீவு மக்களின் உயிர்நாடியாய் விளங்கிய அம்மரக்கலத்திலே 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், கடற்பயணம் செய்துகொண்டிருந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்கும். அதன் பின்னரும் குமுதினி பழுது நீக்கப்பட்டு, அதே கடலில் அதே மக்களைச் சுமந்து பல்லாண்டுகள் ஓடியது. குருதி தோய்ந்த கலத்தை மீண்டும் கழுவிச் செப்பனிட்டு ஏறிய மக்களின் மனவுறுதியை எவ்வாறு போற்றுவது! 2017ஆம் ஆண்டு நெடுந்தாரகை என்னும் புதுக்கலம் அத்தீவுக்குக் கிடைத்துப் பிரதேச சபையிடம் ஒப்படைக்கப்பட்டபொழுது அனைவரும் மகிழ்ந்தனர். ஆயின் அத்தகைய கலத்தின் எரிபொருளும் பழுதும் ஒரு சிறிய சபையின் வருவாய்க்கு எத்துணைப் பெருஞ்சுமை! யானையை நன்கொடையாகப் பெற்றவன் அதனைக் கட்டித் தீனிபோட வழிதேடும் கதையாக அது முடிதல் கூடாது.

கலம் செய்யும் அறிவு நமக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, வல்வை மாலுமிகள் செலுத்த, 1938ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் குளொஸ்ரர்த் துறையைச் சென்றடைந்தது. பிற்காலத்தில் நோர்வே நாட்டினர் துணையோடு காரைநகரிலே சீநோர் நிறுவனத்தின் படகுத்தளம் அமைந்து இழைக்கலங்களைக் கட்டியது. போரும் இடப்பெயர்வும் கைவினைஞரைத் திசைதோறும் சிதறடித்தன. 1990ஆம் ஆண்டு மயிலிட்டித் துறையை விட்டு நீங்கிய மக்கள் 2017ஆம் ஆண்டிலேயே மீளத் தொடங்கினர். இருபத்தேழு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. தந்தை கையைப் பார்த்து மகன் கற்கும் தொழில் ஒரு தலைமுறை இடையறுந்தால் மீண்டும் தளிர்த்தல் எளிதன்று.

பேணாமையின் விலையை அயலார் கொடுத்ததையும் கண்டோம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவைச் சார்ந்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்தமையால் மக்கள் ஏறிய மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவரும் மாண்டனர். 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கேரளத்துத் தானூரில், மீன்பிடிக்கலத்தை உல்லாசக்கலமாக மாற்றி அளவிறந்தோரை ஏற்றியதனால் 22 உயிர்கள் போயின. வெளிநாட்டில் ஈட்டிய பொருளோடு மீண்டு, உல்லாசப் பயணிகளுக்கெனக் கலம் வாங்க எண்ணும் அன்பர்கள் இவ்விரண்டினையும் மனத்திற் பதித்தல் வேண்டும். வாங்கும் விலையை மாத்திரம் கையில் வைத்திருப்போர் வாங்காதிருத்தலே நன்று.

‘இவையெல்லாம் அரசாங்கத்தின் கடமை, நாம் ஏன் தலையிடல் வேண்டும்?’ என்பர் சிலர். கடமை அரசினதே, அதனை யாம் மறுக்கவில்லை. அதனை வற்புறுத்திக் கேட்பது நம் உரிமையுமாகும். ஆயினும் அரசு விழிக்கும்வரை நோயாளி காத்திருக்க மாட்டான். ‘பாலம் அமைத்தால் இத்தொல்லை நீங்கும்’ என்பர் வேறு சிலர். 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் ஆண்டு நிலவிய மிதவைத் தொல்லை தீர்ந்தது உண்மையே. ஆயின் அது ஒடுங்கிய நீர்வாய். நெடுந்தீவுக் கடலோ விரிந்தது. ஆண்டுப் பாலம் எழும் நாளை எண்ணிக் கலத்தை உளுக்க விடுதல் அறிவுடைமையாகாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? சோழர்காலக் கல்வெட்டுக்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. கோயிலில் நந்தாவிளக்கு ஏற்ற விரும்பியோர் விளக்கை மாத்திரம் கொடுத்து அமையவில்லை. ஒரு விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்புவித்தனர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் குட்டிகளால் எண் குறையாது நிரப்பப்படும் என்பதனால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். நெய் நாள்தோறும் வந்தது. விளக்கும் அணையாது நின்றது. கொடையின் நுட்பம் முழுவதும் அந்த ஆடுகளில் அமைந்துள்ளது. நம் காலத்து நன்கொடையாளரோ விளக்கைக் கொடுத்து அதன் தண்டிற் பெயரையும் பொறித்து, நெய்யை மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம் பழைய மாணவர்கள் தீவகத்திற்கு உதவ எண்ணுவராயின், புதுக்கலத்திற்கு முன்னே பழங்கலத்தின் பராமரிப்பு நிதியை எண்ணுக. முதல் குறையாது வட்டியினால் ஆண்டுதோறும் கரையேற்றமும் பூச்சும் உறுப்பு மாற்றமும் நடத்தல் வேண்டும். கலந்தோறும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். எண்ணெய் மாற்றிய நாள், துத்தநாகம் மாற்றிய நாள், கலம் கரையேறிய நாள் என்பன அதில் எழுதப்பட்டு, பயணிகளும் காணத்தக்கதாய் வைக்கப்படல் வேண்டும். சோழகம் எழுமுன்னும் மாரி தொடங்குமுன்னும் கலம் முழுதும் சோதிக்கப்படல் வேண்டும். காற்றோ யந்திரமோ சரியில்லை எனின் ‘இன்று கலம் புறப்படாது’ என்று சொல்லும் அதிகாரம் தண்டயலுக்கே உரியதாதல் வேண்டும். எத்துணைப் பெரியவர் துறையிற் காத்து நிற்பினும் அச்சொல் மாறலாகாது. இவை யாவற்றினும் மேலாக, தீவகத்து இளைஞர் சிலரை ஆண்டுதோறும் தெரிந்து கலப்பழுதும் யந்திரப்பழுதும் நீக்கப் பயிற்றுவதற்கு உதவித்தொகை அளித்தல் வேண்டும். கைவினை உள்ளூரில் இருப்பின் உதிரியுறுப்பு ஒன்றிற்காகக் கலம் பல திங்கள் கிடக்க நேராது.

இத்தகைய நிதிக்குக் கல்லிற் பெயர் பொறிக்க இடமில்லை. நாடாவெட்டும் விழாவும் இல்லை. இது நாம் அறிந்து சொல்லும் குறை. ஆயினும் சைவப் பாடசாலைகள் இந்நாட்டில் எழுந்த காலத்தை நினைந்து பாருங்கள். அடுக்களையில் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்த தாய்மாரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அப்பிடியரிசி நாள்தோறும் தவறாது வந்தது, பாடசாலைகளும் வளர்ந்தன. கட்டடம் கொடுத்தவரை நாம் மறக்கவில்லை. பிடியரிசி கொடுத்தவரையும் மறத்தல் ஆகாது. அவ்வழியிலே கல்வி பெற்ற நாம், குறிகட்டுவான் துறையில் இருட்டுமுன் வீடுசேரக் காத்துநிற்கும் ஒரு தீவகச் சிறுவனின் பாதைக்கும் ஒரு பிடி எடுத்துவைத்தல் தகும். விழாக்காணும் கல்லூரி அன்னை நம்மிடம் வேண்டும் காணிக்கையும் அத்தகையதே என்பது எம் துணிபு.