சமன்பாட்டின் மூலமும் சேத்தூர்க் கடனும்

"சமன்பாட்டின் மூலத்தை எண்முறையாற் காண்பது பரீட்சைக்கன்றி வேறெதற்குப் பிரயோஜனம்? அதையும் கணிப்பொறி நொடியில் செய்துவிடுகிறதே!" என்று நம் மாணாக்கரிற் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். நம் அபிப்பிராயம் வேறு. அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

சேத்தூர்க் குடியானவர் ஒருவர் விதைநெல்லுக்காக 1000 ரூபாய் கடன் பெற்று, மாதம் 100 ரூபாயாகப் பன்னிரண்டு தவணைகளில் அடைக்க இசைகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆயிரத்துக்கு இருநூறு, ஆண்டுக்கு நூற்றுக்கு 20 தானே வட்டி" என்பார் கடன் கொடுப்பவர். கேட்பவரும் தலையசைப்பார். ஆயின், முதல் மாதமே பணம் திரும்பத் தொடங்குகிறதன்றோ? ஆயிரம் ரூபாயும் ஆண்டு முழுதும் அவர் கையில் இருப்பதில்லை. உண்மையான வட்டி யாது?

அதைத் தரும் சமன்பாடு பன்னிரண்டாம் படியினது. நான்காம் படிக்கு மேற்பட்டவற்றுக்குப் பொதுச் சூத்திரம் இல்லையென்று ஆபெல் என்பார் 1824இல் நிறுவினார். ஆகவே, விடையைச் சிறிது சிறிதாக நெருங்கியே பிடித்தல் வேண்டும். மாத வட்டி 0 எனின், தவணைகளின் இன்றைய மதிப்பு 1200 ரூபாய். நூற்றுக்கு 5 எனின், ஏறக்குறைய 886. நமக்கு வேண்டிய 1000 இவற்றினிடையே உள்ளது. நடுவாகிய 2.5-ஐ இட்டால் 1026 வரும். எனவே விடை 2.5க்கும் 5க்கும் இடையிலாம். இங்ஙனம் பத்து முறை பாதியாக்கின், இடைவெளி 0.005க்குள் ஒடுங்கும். விடை மாதம் 2.92, ஆண்டுக்கு 35! இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஏழைக் குடும்பத்தின் உணவாகும்.

நிற்க. இவ்வகைச் சமன்பாடுகளின் மிகச் சிறிய மூலத்தைக் காணும் முறையொன்றை, கும்பகோணத்தில் வளர்ந்த இராமாநுஜனும் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். முன் வந்த எண்களிலிருந்து அடுத்த எண்ணை ஆக்கி, அடுத்தடுத்த இரண்டின் விகிதத்தை நோக்குவதே அம்முறை. அவருக்கு வாய்த்த கருவி ஒரு சிலேட்டுப் பலகை.

இன்று பொறி உண்டு; அதனை நாம் இகழவில்லை. ஆயினும் எச்சரிக்கை ஒன்று. மேற்கூறிய சமன்பாட்டை எளிதாக்கும்பொருட்டு இருபுறமும் வட்டி வீதத்தாற் பெருக்கினால், 0 என்பதும் ஒரு மூலமாகிவிடும். நியூட்டன் முறையில் எழுதிய நிரலை 0க்கு மிக அருகில் தொடங்கிவைத்தால், அது "வட்டியே இல்லை" என்று விடை கூறும்! பொறி பொய் சொல்லவில்லை. அச்சமன்பாட்டுக்கு 0 பொருந்தவே செய்கிறது. நாம் கேட்க நினைத்த வினா வேறு, எழுதிக் கொடுத்த வினா வேறு. இப்பிழையைக் காணும் கண் பொறிக்கு இல்லை. கையாற் கணித்துப் பழகிய மாணாக்கனுக்கு உண்டு.

ஆதலின், மாணாக்க நண்பர்களே, முதலில் தாளில் கணியுங்கள். விடை எவ்வெல்லைக்குள் இருக்குமென்று துணியுங்கள். பின்னரே நிரல் எழுதுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் தெருவில் ஒருவரது கடன் சீட்டையேனும் வாங்கிக் கணக்கிட்டுக் காட்டுங்கள். கற்ற கணிதம் அன்றே பயன் தந்ததாகும்.