சாசனம் படிப்போருக்கு அடைத்த கதவு

கிரேட்டர் நொய்டாவிலுள்ள மத்தியத் தொல்லியல் துறை நிறுவனத்தின் ஈராண்டுப் பட்டயப் படிப்புக்கு சம்ஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் ஆகியவற்றில் முதுகலை பயின்றோர் விண்ணப்பிக்கலாமென்று கூறித் தமிழை விட்டுவிட்ட 2020-ஆம் ஆண்டு அறிவிப்பு, கண்டனம் எழுந்த சில தினங்களில் திருத்தப்பட்டுவிட்டதென்ற காரணத்தால் விஷயம் தீர்ந்ததாகக் கருத நம்மால் இயலவில்லை. மத்திய சர்க்கார் 2004-லேயே செம்மொழியென்று அங்கீகரித்த ஒரு பாஷை, பதினாறாண்டுகளுக்குப் பின்னும் அந்த ஜாபிதாவைத் தயாரித்தவர்களின் நினைவுக்கு வரவில்லை.

ஆந்திரத்திலுள்ள நம் புத்தூர் வட்டாரத்துக் கோயில்களை அவர்கள் பார்த்திருந்தால் போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலேயே இருக்கும் குடிமல்லத்தில் பல்லவர், பாணர், சோழர் காலத்துச் சாசனங்கள் தமிழில் உள்ளன. சாமவை என்னும் அரசி திருமலையில் வெள்ளித் திருமேனி அளித்ததைக் கூறும் பத்தாம் நூற்றாண்டுக் கல்லும் தமிழே. இவற்றை மைப்படி எடுத்து, எழுத்தின் வடிவைக்கொண்டு காலம் நிர்ணயித்து, ஆட்சியாண்டையும் நில அளவையும் தானத்தின் நிபந்தனையையும் பிரித்தறியும் வித்தை, பழந்தமிழோடும் கிரந்த எழுத்தோடும் பல்லாண்டு பழகியவர்க்கே கைவரும். அத்தகையவர் அகழ்குழியில் இறங்கி மண்ணடுக்குகளை ஆராயவும் பயில விரும்பும்போது, அவருடைய பட்டம் யோக்கியதையில் சேராதென்று வாசலிலேயே நிறுத்துவது, படிக்க ஆளின்றிச் சுண்ணாம்புப் பூச்சுக்கும் மணல்வீச்சுக்கும் இரையாகும் ஒவ்வொரு கல்லுக்கும் இழைக்கும் தீங்காகும். தெலுங்கும் அந்த ஜாபிதாவில் இருக்கவில்லை. நம் ஊரில் இரு பாஷைக்காரரும் சேர்ந்தே வருந்த வேண்டியிருக்கிறது.

இத்துறை அதிகாரவர்க்கத்தின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்கள் இதை வெறும் மறதியென்று ஏற்கமாட்டார்கள். ஆதிச்சநல்லூரில் 2004-லும் 2005-லும் அகழ்ந்தவற்றின் அறிக்கைக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. கீழடியில் இரண்டு பருவங்கள் சிரத்தையோடு அகழ்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-ல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அடுத்த பருவத்தில் குறிப்பிடத்தக்க தொடர்ச்சி ஏதும் கிட்டவில்லையென்று சொல்லி மத்தியத் துறையினர் விலகிக்கொண்டார்கள். அதே கீழடியில்தான் தமிழ்நாடு மாநிலத் தொல்லியல் துறை தமிழி எழுத்துப் பொறித்த 56 பானையோடுகளைக் கண்டெடுத்தது. தேர்ந்தவரை இடம் பெயர்ப்பதும், தேர்ச்சி பெற வருபவரைத் தடுப்பதும் ஒரே மனோபாவத்தின் இரு செயல்கள். இரண்டுக்கும் இதுவரை எந்த அதிகாரியும் பொறுப்பேற்கவில்லை என்பதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சாசனப் புலமையைத் தொல்லியல் தொழிலின் மூலாதாரத் தகுதியாக மதிக்கும் ஏற்பாடொன்றை, அந்தந்தப் பிரதேசத்து அறிஞர்களைக் கலந்து, அடுத்த சேர்க்கைக்கு முன்னரேனும் சர்க்கார் செய்தாக வேண்டும்.