வெடிச்சாத்தான் நியூஸா? திருச்சுழி பசங்க கையிலயும் கேமரா இருக்கு!

2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே கல்குவாரி வெடிமருந்து வெடித்துச் சிதறிய சிசிடிவி காட்சி உங்க போனுக்கும் வந்திருக்கும். 3 தொழிலாளர்கள் இறந்துபோனாங்க. அன்னிக்கு எல்லா சேனல் மைக்கும் அந்தப் பக்கம் திரும்புச்சு. அதுக்கப்புறம்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் செய்தியில் வரணும்னா ஏதாவது வெடிக்கணும், இல்லைன்னா தேர்தல் வரணும். தூர்ந்துபோன கண்மாய், சீமைக்கருவேல மூட்டத்துப் புகை, தறிச் சத்தத்துக்கு நடுவுல பரீட்சைக்குப் படிக்கிற வீடு... இதெல்லாம் யாருக்கும் பிரேக்கிங் நியூஸ் இல்லை. ஆனா தினமும் இதைத் தாண்டி ஸ்கூலுக்குப் போற பசங்களே செய்தி வீடியோ எடுத்தா?

2022 ஆகஸ்ட்ல ஜார்க்கண்ட் கிராமத்துப் பையன் ஒருத்தன், 12 வயசு, குச்சியில் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைச் செருகி மைக் ஆக்கி, தன் பள்ளியின் அவலத்தைச் சுத்திக் காட்டினான். வீடியோ வைரல், ஆசிரியர்கள் சஸ்பெண்ட். நாம லைக் போட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிட்டோம். அவன் மறுநாளும் அதே ஊர்லதான் இருக்கணும். சொந்தம், சாதி, கட்சின்னு எல்லாம் பின்னிக் கிடக்கிற நம்ம ஊர்கள்ல, தனியா முகத்தைக் காட்டிப் பேசுற பிள்ளைக்கு இது விளையாட்டு இல்லை.

டெல்லியில் தெருவோரக் குழந்தைகள் 2003-லிருந்து நடத்துற 'பாலக்நாமா' பத்திரிகை இதுக்கு ஒரு வழி காட்டுது. எழுதத் தெரியாத பிள்ளைங்க தகவல் சொல்வாங்க, எழுதத் தெரிஞ்சவங்க செய்தி ஆக்குவாங்க. வேலையைக் கூட்டமா பிரிச்சுக்கிறாங்க. இங்கேயும் அஞ்சாறு பேர், கூட நிக்க ஒரு டீச்சர், யார் முகமும் தெரியாத வீடியோ. இது போதும். லைவ் மட்டும் வேண்டாம். 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க தனியா லைவ் போக முடியாதுன்னு யூடியூபே 2025 ஜூலையில் விதியை மாத்திடுச்சு. நல்லதுதான். லைவ்ல சரிபார்க்க ஏது நேரம்?

நீங்க அந்த ஊர்ப் பசங்கன்னா, முதல் வீடியோவை உங்க கண்மாயில் எடுங்க. மாசம் ஒரு தடவை, அதே மடை, அதே இடத்துல நின்னு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழ இருந்தா கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தோட பொறுப்பு, அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை. உங்க கண்மாய் இதுல எது? மைக்கை நீட்டிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.